குந்துகால் பக்கம் நட்ட அடையாளக் குழாய் நீரோட்டத்துக்குக் குறுக்காக ஆடுகிறது, ஏன்?

டீசல்கை:

பாம்பனில் படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சின் சம்பந்தப்பட்டது என்றால் இங்கே வந்து கேட்க மாட்டேன், நானே பார்த்துக்கொள்வேன். இது வேறு சமாச்சாரம்.

இங்கே பாம்பன் தீவில் குந்துகால் பக்கம் தண்ணீருக்குள் ஒரு பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கிறது. வற்று நேரத்தில் வள்ளத்தின் அடி தட்டும், புரொப்பல்லர் வளைந்து என் பட்டறைக்கு வரும். எனக்கு வருமானம்தான், இருந்தாலும் தெரிந்தவர்கள் வள்ளம் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? படகுக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, அந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு குழாய் நட்டுத் தரச் சொன்னார்கள். இரண்டு இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், பதினாறடி. அடியில் பிளேட் வைத்து வெல்டு, பிளேட்டை சிமெண்ட் கட்டையில் போல்ட் போட்டு இறுக்கி, கட்டையைப் பாருக்குப் பக்கத்து மணலில் இறக்கினோம். உச்சியில் சிவப்புத் துணி. தண்ணீர் அங்கே இரண்டு ஆள் ஆழம்.

சித்திரையில் இறக்கினோம், அசையாமல் நின்றது. கச்சான் (தென்மேற்குக் காற்று) தொடங்கி, தென்கடலில் (மன்னார் வளைகுடா) இருந்து வடகடலுக்கு (பாக் நீரிணை) ஓட்டம் பிடித்ததும் ஆட ஆரம்பித்தது. எனக்கு விளங்காதது இதுதான். தண்ணீர் தெற்கே இருந்து வடக்கே போகிறது. தள்ளினால் வடக்கே சாய வேண்டும். குழாயோ கிழக்கும் மேற்குமாக ஆடுகிறது. துணி கட்டிய உச்சி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மொத்தம் ஒரு சாண் போய் வருகிறது. போன வாரம் மூழ்கிப் பார்த்தால் வெல்டு விரிந்திருக்கிறது, அதுவும் கிழக்கிலும் மேற்கிலும் மட்டும். தண்ணீர் மோதுகிற தெற்குப் பக்கம் வெல்டு புதுசாட்டம் இருக்கிறது.

அலை என்று யாரும் சொல்ல வேண்டாம். கடல் எண்ணெய்போல் கிடந்த காலை நேரத்தில்தான் பார்த்தேன். குழாய்க்குப் பின்னால் சுழி கிளம்புகிறது. இடப்பக்கம் ஒன்று, அப்புறம் வலப்பக்கம் ஒன்று, திரும்ப இடம். முறை வைத்துக் கிளம்புகிறது. குழாய் உருண்டை, இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஓட்டமும் நேராகத்தான் வருகிறது. அப்படியிருக்க இரண்டு பக்கமும் சேர்ந்து ஏன் கிளம்பவில்லை? இத்தனைக்கும் கொஞ்சம் தள்ளி யாரோ எப்போதோ நட்ட சவுக்குக் கம்பு, சிப்பி ஒட்டிக் கரடுமுரடாக, ஆடாமல் நிற்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஓட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்போது கயிற்றைப் பிடித்தால் கையில் விறுவிறு என்று அதிர்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?


வடகடல்:

ஜிஐ குழாயில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுக்காமல் வெல்டு வைத்தால் உள்ளே காற்றுக்குமிழ் நின்றுவிடும், பிடிக்காது. தேய்த்தீர்களா? எனக்கென்னவோ வெல்டுதான் கோளாறு.


டீசல்கை:

அண்ணே, கிரைண்டர் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டுத்தான் வைத்தேன். வெல்டு கோளாறு என்றால் சுற்றிலும் விட வேண்டும், இரண்டு பக்கம் மட்டும் எப்படி விடும்? அது போகட்டும், வெல்டு விட்டது பிறகுதானே. ஆட்டம் ஏன் என்பதுதான் கேள்வி.


கம்பிக்காரர்:

வெல்டைக் குறை சொல்ல வேண்டாம். கிழக்கிலும் மேற்கிலும் விரிசல் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நான் உயரழுத்த மின்தடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஊர் உச்சிப்புளிப் பக்கம். தண்ணீரில் நின்ற அனுபவம் குறைவு. ஆனால் காற்றில் தொங்கும் கம்பிக்கும் ஓட்டத்தில் நிற்கும் குழாய்க்கும் கணக்கு ஒன்றுதான், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

குழாயின் தெற்கு முகத்தில் தண்ணீர் மோதி இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த தண்ணீர் குழாயின் அகலமான இடத்தைச் சுற்றிப் போகும்போது வேகம் கூடுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது. அதைத் தாண்டிப் பின்பக்கம் போகப் போக வேகம் தணிந்து அழுத்தம் திரும்ப ஏற வேண்டும். அதாவது தண்ணீர் குறைந்த அழுத்தத்தில் இருந்து கூடின அழுத்தத்துக்குள் போக வேண்டும். வெளியே ஓடுகிற தண்ணீருக்கு வேகம் இருக்கிறது, சமாளித்துவிடும். குழாயோடு ஒட்டிய மெல்லிய அடுக்கு இரும்போடு உராய்ந்து உராய்ந்து ஏற்கெனவே களைத்துப்போனது. அதால் ஏற முடியாது. ஓரிடத்தில் நின்று, பின்னுக்கு வழிந்து, குழாயை விட்டே விலகிவிடுகிறது. உங்கள் குழாய் அளவுக்கும் ஓட்டத்துக்கும் அந்த விலகல், முன்முகத்தில் இருந்து ஏறக்குறைய 80 பாகையில் நடக்கும். பின்பாதி வரும் முன்பே தண்ணீர் கைவிட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலகின அடுக்கின் வெளிப்பக்கம் வேகமான ஓட்டம், உள்பக்கம் தேங்கின தண்ணீர். இந்த வித்தியாசத்தில் அடுக்கு சுருண்டுகொள்ளும். கிழக்குப் பக்க அடுக்கு ஒரு திசையில் சுருளும், மேற்குப் பக்க அடுக்கு அதற்கு எதிர்த்திசையில் சுருளும். இதுவரை இரண்டு பக்கமும் சமம், நீங்கள் சொன்ன மாதிரிதான்.

இனிமேல்தான் விஷயம். ஏதோ ஒரு துளி வித்தியாசத்தில் கிழக்குச் சுழி கொஞ்சம் பெரிதாகிறது என்று வையுங்கள். பெரிதானதும் அது மேற்குப் பக்கத்து அடுக்கைத் தன் பக்கம் இழுக்கும். அந்த அடுக்கு குழாயின் முதுகைக் குறுக்கே கடந்து வந்து, கிழக்குச் சுழிக்கும் அதற்குத் தீனி போடும் அடுக்குக்கும் நடுவே புகுந்துவிடும். வந்தது எதிர்ச்சுழற்சி. அதனால் தீனி அறுந்துபோகும். தீனி அறுந்த சுழி கழன்று ஓட்டத்தோடு போய்விடும். இப்போது மேற்குச் சுழிக்குத் தடுப்பவர் இல்லை, அது பெருக்கும், கிழக்கு அடுக்கை இழுக்கும், தானும் அறுபடும். ஒருவர் வளர்ச்சியே அவருக்குக் கத்தியை வரவழைக்கிறது. இரண்டும் சேர்ந்து கிளம்ப முடியாததற்குக் காரணம் இதுதான். குழாய் கோணலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சமமாக நிற்பதுதான் நிலைக்காத நிலை. எத்தனை சுத்தமாகக் கடைந்த உருளையைக் கொண்டுபோய் வைத்தாலும் இப்படித்தான்.

இதை நம்பாத ஒருவர் பட்ட பாடு பிரசித்தம். ஜெர்மனியில் கோட்டிங்கனில் பிரான்டில் என்ற பேராசிரியரிடம் ஹீமென்ஸ் என்று ஒரு மாணவர். ஓடும் நீரில் உருளையைச் சுற்றி அழுத்தம் அளக்க வேண்டும், அவருக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். ஓட்டம் ஆடிக்கொண்டே இருந்தது, அளக்க முடியவில்லை. உருளை சரியான வட்டம் இல்லை என்றார்கள், வட்டமாக்கினார். தொட்டி இரண்டு பக்கமும் சமமில்லை என்றார்கள், அதையும் திருத்தினார். அப்புறமும் ஆடியது. அதே இடத்தில் இருந்த கார்மான் தினமும் காலையில் வந்து ஓட்டம் அடங்கியதா என்று கேட்பாராம், இல்லை என்பாராம் இவர். இத்தனை திருத்தியும் ஆடுகிறது என்றால் அதற்கு இயற்கையான காரணம் இருக்க வேண்டும் என்று கார்மான் கணக்குப் போட்டார். இரண்டு வரிசைச் சுழிகள் நேருக்கு நேர் நின்றால் நிலைக்காது, ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி நின்றால்தான் நிலைக்கும், அதுவும் வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரே வரிசையில் அடுத்தடுத்த சுழிகளின் தூரத்தில் 0.281 பங்காக இருந்தால் மட்டும் என்று வந்தது. 1911-ல் வெளியிட்டார். இன்றைக்கும் அவர் பெயரில் கார்மான் சுழல் தெரு என்கிறார்கள். ஹீமென்ஸுக்கு யாரும் தெரு வைக்கவில்லை, பாவம்.

சரி, உங்கள் குழாய்க்கு வருவோம். கிழக்கில் சுழி உருவாகும்போது அந்தப் பக்கம் அழுத்தம் குறையும், குழாய் கிழக்கே இழுபடும். அடுத்து மேற்கு. ஆகவே ஓட்டம் வடக்கே போனாலும் ஆட்டம் கிழக்கு மேற்காகத்தான் வரும். வடக்கே தள்ளும் விசையும் உண்டு, அதுவும் லேசாக ஏறி இறங்கும், ஆனால் பெரும்பாலும் ஒரே பக்கம் சீராக அழுத்திக்கொண்டிருக்கும். இரும்பு சீரான பாரத்தைத் தாங்கும். மாறி மாறி வளைத்தால்தான் சோர்ந்து விரியும்.

கணக்குப் போட எனக்கு இரண்டு எண் வேண்டும். ஓட்டத்தின் வேகம் என்ன? குழாய் பத்து நொடிக்கு எத்தனை தடவை போய் வருகிறது? வேகத்துக்குக் கருவி வேண்டாம். கட்டி நிற்கும் வள்ளத்தின் தலைப்பில் இருந்து ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு, கடைசிவரை வர எத்தனை நொடி என்று பாருங்கள். நல்ல ஈரமான மட்டையாக இருக்கட்டும், காய்ந்தது காற்றுக்கு ஓடிவிடும்.


டீசல்கை:

ஐயா, இன்று காலை போய்ப் பார்த்தேன். முப்பதடி வள்ளம். மட்டை தாண்ட பதினாறு பதினேழு நொடி ஆகிறது. குழாய் பத்து நொடிக்குப் பதினெட்டுத் தடவை போய் வருகிறது. கைபேசியில் படம் பிடித்துப் பட்டறையில் வந்து எண்ணினேன், பையனும் எண்ணினான், அதேதான்.


கம்பிக்காரர்:

அருமை. முப்பதடி என்றால் 9.1 மீட்டர், பதினாறரை நொடியால் வகுத்தால் நொடிக்கு 0.55 மீட்டர். இரண்டு இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர்.

சுழி எத்தனை வேகத்தில் கழலும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஓட்டத்தின் வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். 1878-ல் ஸ்ட்ரூஹால் என்ற செக் நாட்டு இயற்பியலாளர், காற்றில் கம்பி ஏன் பாடுகிறது என்று ஆராயப்போய்க் கண்டது. அந்த 0.2-க்கு அவர் பெயர்தான். வேகம் கூடினாலும் குறைந்தாலும், தண்ணீரானாலும் காற்றானாலும், உருளைக்கு அந்த எண் மிகப் பெரிய வீச்சில் கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும். 0.55-ஐ 0.06-ஆல் வகுத்து 0.2-ஆல் பெருக்குங்கள். நொடிக்கு 1.83. பத்து நொடிக்குப் பதினெட்டு.

ஆனால் இதைப் பார்த்து உடனே சந்தோஷப்படக் கூடாது. சுழி பதினெட்டுத் தடவை கழல்கிறது என்பதற்காக ஒரு சாண் ஆட வேண்டியதில்லை. சுழியின் இழுப்பு சின்ன விசைதான். குழாயை ஓட்டம் இல்லாத நேரத்தில் கையால் இழுத்து விட்டால் அதற்கென்று ஒரு ஆட்டம் இருக்கும் இல்லையா, அந்த இயல்பு அதிர்வெண்ணோடு சுழியின் முறை ஒத்துப்போனால்தான் வினை. பதினாறடி, இரண்டு இஞ்ச் குழாய், உள்ளே தண்ணீர், வெளியே அதோடு சேர்ந்து நகரும் தண்ணீர் எல்லாம் சேர்த்து நான் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன், நொடிக்கு 1.8 அளவில்தான் வருகிறது. சரியாகப் போய் மாட்டியிருக்கிறது. சித்திரையில் ஓட்டம் மெதுவாக இருந்திருக்கும், ஒத்துப்போகவில்லை, நின்றது.

இதில் ஒரு குசும்பு வேறு உண்டு. ஓட்டம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ ஒத்துப்போவது விட்டுப்போக வேண்டும் அல்லவா? போகாது. குழாய் பெரிதாக ஆட ஆரம்பித்ததும், சுழிகள் கணக்குப்படி கழல்வதை விட்டுவிட்டுக் குழாயின் ஆட்டத்துக்கு ஏற்பக் கழலத் தொடங்கும். பூட்டிக்கொள்வது என்று எங்கள் வேலையில் சொல்வோம். அதனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமில்லாமல், அதைச் சுற்றி நல்ல அகலமான வேக வரம்பு முழுக்க ஆடும். தினமும் மணிக்கணக்கில் ஆடியிருக்கும். வெல்டு எப்படித் தாங்கும்?

சவுக்குக் கம்பு ஏன் ஆடவில்லை என்றால், அது பருமன் வேறு, மரத்துக்கு உள்ளேயே ஆட்டத்தை விழுங்கும் குணம் உண்டு, போதாததற்கு மேலே சிப்பி. கோபப்பட வேண்டாம்.

நங்கூரக் கயிறும் இதே கதை. 12 மில்லி கயிறு, நொடிக்கு அரை மீட்டர் ஓட்டம் என்றால் நொடிக்கு எட்டுத் தடவை. காதுக்குக் கேட்காது, கைக்குத் தெரியும்.


பெர்னோலிபயல்:

அருமையான இழை. ராமநாதபுரத்தில் இருந்து வந்து சென்னையில் எந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 1940-ல் அமெரிக்காவில் டகோமா நேரோஸ் தொங்கு பாலம் விழுந்ததும் இதனால்தான். கார்மான் சுழல் தெருவின் அதிர்வெண்ணும் பாலத்தின் அதிர்வெண்ணும் ஒன்றாகி ஒத்ததிர்வு ஏற்பட்டு விழுந்தது. பாம்பன் பாலத்துக்கும் இந்த ஆபத்து உண்டா?

இன்னொரு தகவல்: கார்மானுக்கு முன்பே, 1908-ல், பிரான்சில் பெனார் இந்தச் சுழிகளைப் பற்றி எழுதியிருந்தார். தனக்குத்தான் முன்னுரிமை என்று அவர் சண்டைக்கு வந்தபோது, பெர்லினிலும் லண்டனிலும் கார்மான் தெரு, பாரிசில் பெனார் அவென்யூ என்று வைத்துக்கொள்வோம் என்று கார்மான் விட்டுக்கொடுத்தாராம்.


கம்பிக்காரர்:

தம்பி, பெனார் கதை சரி. டகோமா கதை பல பாடப்புத்தகத்தில் நீங்கள் எழுதியபடிதான் இருக்கிறது, ஆனால் கணக்கு ஒத்துவராது. 1940 நவம்பர் 7 அன்று காற்று மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் அளவு. அந்தப் பாலத்தின் தளப் பருமனுக்குச் சுழி நொடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை கழன்றிருக்கும். பாலம் முறுக்கிக்கொண்டது ஐந்து நொடிக்கு ஒரு தடவை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. நடந்தது வேறு. தளம் லேசாக முறுகும், முறுகினதால் காற்று விசை மாறும், அந்த மாறின விசை முறுக்கை இன்னும் கூட்டும். ஆட்டமே தனக்கு வேண்டிய பலத்தைக் காற்றிடம் இருந்து எடுத்துக்கொள்வது. சுழி வெளியில் இருந்து தாளம் போடத் தேவையில்லை. சுழியால் வரும் ஆட்டம் ஓரளவுக்கு மேல் போகாது, விட்டத்தின் அளவைச் சுற்றியே நிற்கும், ஏனென்றால் மிகப் பெரிதாக ஆடினால் சுழிகளின் ஒழுங்கே குலைந்துவிடும். டகோமாவில் நடந்த வகை ஆட்டத்துக்கு அந்த வரம்பு கிடையாது. விசாரணைக் குழுவில் கார்மானே இருந்தார் என்பது வேடிக்கை.

பாம்பனுக்குப் பயப்பட வேண்டாம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலமாகட்டும், 1988-ல் திறந்த சாலைப் பாலமாகட்டும், தொங்கு பாலங்கள் அல்ல. தொங்கு பாலத்தோடு ஒப்பிட்டால் குட்டையான கண்கள் (தூணுக்குத் தூண் இடைவெளி), குண்டான தூண்கள். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், 2022 வரை, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், அது பெட்டி கவிழக் கூடாது என்பதற்காக. 1964 டிசம்பர் புயலில் பாலம் சேதமானதும் சுழியால் அல்ல, கடலே மேலேறி வந்து அடித்தது. தூணுக்குப் பின்னால் சுழி பார்க்க வேண்டும் என்றால் சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்று தாராளமாகப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் அகலத் தூண், நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம் என்றால் பத்து நொடிக்கு ஒரு முறை. பொறுமை வேண்டும், பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனையும் பொறுக்க வேண்டும். கச்சானில் வடகடல் பக்கம் பாருங்கள், வாடையில் தென்கடல் பக்கம்.

என் பிழைப்பே இந்தச் சுழியோடுதான் கழிந்தது என்பதால் இரண்டு வரி. டவர் லைனில் கம்பி தொங்கவிட்ட இடத்துக்கு அருகில் சின்னச் சின்னதாய் இரண்டு பக்கமும் குண்டு வைத்த மாதிரி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்டாக்பிரிட்ஜ் டேம்பர், கம்பியின் அதிர்வைத் தணிக்க வைப்பது. 2 சென்டிமீட்டர் கம்பி, நொடிக்கு 3 மீட்டர் இளங்காற்று. 0.2 கணக்கில் நொடிக்கு முப்பது அதிர்வு. கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தில் காதை வைத்தால் கேட்கும். வருடக்கணக்கில் அதிர்ந்து கவ்வியின் வாயில் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறும். இதில் புது ஆட்கள் நம்ப மறுப்பது எது தெரியுமா? ஆடிக்காற்று ஊளையிடும் நாளில் இந்தத் தொந்தரவு குறைவு. காற்று தாறுமாறாக வீசும்போது கம்பியின் நீளம் முழுக்க ஒரே முறையில் சுழி கழலாது. விடியற்காலை, மேடு பள்ளம் இல்லாத தரவையில் ஒரே சீராக வரும் இளங்காற்றுதான் கம்பியைத் தின்னும். நமது கடற்கரையோ மேசை மாதிரி.


குந்துகால்காரி:

கூட்டத்தில் நானும் வரட்டுமா? நாங்கள் பாசிக்கும் போவோம், தூண்டிலும் போடுவோம். படித்த கணக்கு எனக்குத் தெரியாது. ஓட்டம் இழுக்கும்போது தூண்டில் நரம்பு ஒரு ராகம் போடும், ஓட்டம் கூடக் கூட ராகம் மேலே ஏறும். அப்பா அதைக் கேட்டே இன்னும் எவ்வளவு நேரம் ஓட்டம் இழுக்கும் என்று சொல்வார். கம்பிக்காரர் ஐயா சொல்வது அதுதானே?

பாலத்துத் தூணுக்குப் பின்னால் கொடுவா நிற்கும். சுழிக்குள் நிற்பது மீனுக்குக் கஷ்டம் இல்லையா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

அப்புறம் டீசல்கை அண்ணே, நான் அந்தக் குழாய்ப் பக்கம் மூழ்கியிருக்கிறேன். கட்டைக்குத் தெற்கே, ஓட்டம் மோதுகிற பக்கம், முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. வெல்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டீர்கள். கட்டை ஒருநாள் சாயும்.


பெர்னோலிபயல்:

அக்கா, மீன் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 2003-ல் அமெரிக்காவில் டிரவுட் மீனை ஓடும் நீரில், அரை உருளைக்குப் பின்னால் விட்டு, தசைகளில் மின்முனை செருகிப் பார்த்தார்கள். வெறும் ஓட்டத்தில் நீந்துவதைவிடச் சுழிகளுக்கு நடுவே மிகக் குறைவான தசைகள்தான் வேலை செய்தன. இடச் சுழிக்கும் வலச் சுழிக்கும் இடையே உடம்பை வளைத்து வளைத்து, தள்ளும் வேலையைச் சுழியையே செய்யவைக்கிறது. 2006-ல் செத்த மீனை வைத்தே பார்த்துவிட்டார்கள். உயிரில்லாத மீன் சுழிகளில் உடம்பு வளைந்து ஓட்டத்தை எதிர்த்து முன்னேறியது! கொடுவாவில் யாரும் மின்முனை செருகவில்லை என்றாலும் அது தூணடியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே இரை கிடைக்கும் என்பது தனி.

டகோமா பற்றி: பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது, தேர்வில் அப்படி எழுதினால்தான் மதிப்பெண்.


கம்பிக்காரர்:

தேர்வில் எழுதுங்கள், பாலம் கட்டும்போது எழுதாதீர்கள்.

குந்துகால்காரி அம்மா, உங்கள் அப்பா நரம்பை வைத்து வேகம் அளந்திருக்கிறார். ஒரு மில்லி நரம்பு, அரை மீட்டர் ஓட்டம், நொடிக்கு நூறு. காதுக்குக் கேட்கும் அளவு. வேகம் இரண்டு மடங்கானால் ஒலியும் இரண்டு மடங்கு மேலே. இதே தத்துவத்தில் குழாயில் ஓடும் நீரையும் நீராவியையும் அளக்க மீட்டர்கள் செய்து விற்கிறார்கள். உள்ளே குறுக்காக ஒரு கட்டை, பின்னால் கழலும் சுழிகளை எண்ண ஒரு உணரி. அவ்வளவுதான்.

பள்ளத்தைக் கவனித்துச் சொன்னது நல்லதாயிற்று. அது இன்னொரு சுழி. பின்னால் கழல்கிறதே, அது அல்ல. ஓட்டம் மேலே வேகமாகவும் தரையோடு மெதுவாகவும் இருக்கும். தடுப்பில் மோதும்போது மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. ஆகவே தண்ணீர் முகத்தோடு கீழே இறங்கி, மணலில் குத்தி, சுருண்டு, கட்டையின் இரண்டு பக்கமும் லாட வடிவத்தில் சுற்றிக்கொண்டு போகும். முன்பக்கத்தில் குழி பறிப்பது அதுதான். ஆற்றுப் பாலத் தூண்கள் வெள்ளத்தில் சாய்வதற்கு அது பெரிய காரணம். இதற்கு வைத்தியம் எளிது. கையால் தூக்கச் சிரமமான அளவுக் கற்களைப் பள்ளத்திலும் சுற்றிலும் அடுக்கிவிடுங்கள். சின்னக் கல் போட்டால் அதையும் வாரிக்கொண்டு போகும்.

இனி குழாய். மூன்று வழி தோன்றுகிறது.

மூன்று பக்கம் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டலாம், நாங்கள் கம்பத்துக்குச் செய்வதுபோல். விறைப்பு கூடும், இயல்பு அதிர்வெண் மேலே போய்விடும். ஆனால் வலையும் புரொப்பல்லரும் கம்பியில் மாட்டும், பாருக்குப் பயந்து வைத்த குழாயே பாராகிவிடும். வேண்டாம்.

நாலு இஞ்ச் குழாய் போடலாம். அதே உயரத்துக்கு இயல்பு அதிர்வெண் நொடிக்கு மூன்றுக்கு மேல் வரும், விட்டமும் பெரிது. ஒத்துப்போக நொடிக்கு 2 மீட்டர் அளவு ஓட்டம் வேண்டும், நீங்கள் அளந்ததைப்போல் மூன்றரை மடங்கு. இதுதான் நிம்மதியான வழி, செலவு இருக்கிறது. குழாய்க்குள் கான்கிரீட் ஊற்றலாமா என்று யாராவது கேட்பார்கள். எடை கூடினால் அதிர்வெண் இறங்கும், அப்புறம் இன்னும் மெதுவான ஓட்டத்திலேயே மாட்டலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இருக்கிற குழாயை வைத்தே சமாளிக்க வேண்டும் என்றால், கயிறு சுற்றுங்கள். உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் மேற்பகுதியில் திருகாணிபோல் தகடு சுற்றியிருப்பது அழகுக்கு அல்ல. 1950-களில் இங்கிலாந்தில் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துக் கண்டுபிடித்தது. திருகலாகச் சுற்றிய விளிம்பு, தண்ணீர் விலகும் இடத்தை உயரத்துக்கு உயரம் மாற்றிவிடும். ஓரிடத்தில் கிழக்கே கழலும் நேரத்தில் இன்னோரிடத்தில் மேற்கே கழலும். சுழி நிற்காது, முறை குலையும், மொத்தமாக ஒரு பக்கம் இழுப்பது போய்விடும். கடலுக்குள் எண்ணெய்க் குழாய்களில் இதே திருகு வைக்கிறார்கள். அங்கே விளிம்பின் உயரம் விட்டத்தில் கால் பங்கு, ஒரு முழுச் சுற்றுக்கு விட்டத்தைப்போல் பதினைந்து மடங்கு நீளம் என்பது வழக்கமான அளவு. உங்களுக்கு 15 மில்லி கயிறு, 90 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று. நெருக்கமாகச் சுற்றிவிடாதீர்கள், அது குழாயைப் பருமனாக்குமே தவிர வேறு பலன் இல்லை. சரிந்து இறங்காமல் ஒரு முழத்துக்கு ஒரு இடம் கட்டுப் போடுங்கள். ஓட்டத்தின் தள்ளு கொஞ்சம் கூடும், அதற்காக அடிப் பிளேட்டில் நாலு பக்கமும் முக்கோண முட்டுத் தகடு வைத்து வெல்டு செய்துவிடுங்கள்.


வடகடல்:

முட்டுத் தகடு வைக்கும்போது துத்தநாகத்தைத் தேய்த்துவிடுங்கள்.


டீசல்கை:

தேய்க்கிறேன் அண்ணே, தேய்க்கிறேன்.

ஐயா, நாலு இஞ்ச் குழாய்க்குப் படகுக்காரர்களிடம் திரும்பப் பணம் கேட்டால் என்னையே நட்டுவிடுவார்கள். கயிறுதான். பட்டறையில் பழைய நங்கூரக் கயிறு கிடக்கிறது, கொஞ்சம் பருமன், 16 மில்லி. குழாயை மேலே எடுத்து முட்டுத் தகடு வைத்து, கயிறும் சுற்றி இறக்கிவிடுகிறேன். கல்லுக்குப் பையன்களிடம் சொல்லியாயிற்று. ஒரு கயிறு போதுமா, மூன்று வேண்டுமா? தண்ணீருக்கு மேலே இருக்கும் பாகத்துக்கும் சுற்ற வேண்டுமா?


கம்பிக்காரர்:

16 தாராளம். மூன்று கயிறு, ஒன்றுக்கொன்று சம இடைவெளியில். ஒன்றை மட்டும் சுற்றினால் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். ஓட்டம் படும் பாகம் முழுக்கச் சுற்றுங்கள், அடியைவிட மேல்பாதி முக்கியம், ஆட்டம் அங்கேதான் பெரிது. தண்ணீருக்கு மேலே தேவையில்லை, வற்றுக்கும் ஏற்றத்துக்கும் நடுவே உள்ள இடத்தை விட்டுவிடாதீர்கள். நாளாக ஆகச் சிப்பி பிடித்துக் கயிற்றுக்கும் கயிற்றுக்கும் இடையே நிரம்பிவிடும், அப்புறம் விளிம்பு இருந்தும் இல்லாத கணக்கு. வள்ளம் பழுதுக்கு ஏறும்போதெல்லாம் ஒரு சுரண்டு சுரண்டிவிடச் சொல்லுங்கள்.


குந்துகால்காரி:

சுரண்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், எப்படியும் அந்தப் பக்கம்தானே பாசிக்குப் போகிறோம். துணியை மட்டும் மாற்றுங்கள் அண்ணே, வெளுத்துப்போய் சிவப்பா என்றே தெரியவில்லை.